கதவு திறந்துதான் இருந்தது
எழுத்துக்கு எண் கொடுத்த சபைகளும் நாமும்

தரம் 11 இல் படிக்கும் ஒரு மாணவன் சென்ற வருடம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். பாடசாலைக் கணினியில் தமிழ் எழுத்துகளின் அட்டவணையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஆய்த எழுத்தில் வந்து நின்றுவிட்டான்.

“சேர், இதுக்கு இங்கிலீசில ‘விசர்க்கம்’ எண்டு பேர் போட்டிருக்கு. ஆய்தம் எண்டுதானே நீங்கள் படிப்பிச்சனீங்கள்? ஆர் சேர் இந்தப் பேரை வைச்சது?”

நான் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்றவன். குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் எனத் தொல்காப்பியம் சார்பெழுத்து மூன்றைச் சொல்வதையும், விசர்க்கம் வடமொழிக்குரிய மூச்சொலிக் குறி என்பதையும் விளக்க எனக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. ஆனால் அவனுடைய கடைசிக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. பெயர் வைத்தது யார்? எங்கே கூடி வைத்தார்கள்? நம்மில் யாரையாவது கேட்டார்களா? அந்தக் கேள்விகளோடு தேடிப் போனதில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

சுண்டிக்குளிக்காரரின் விசைப்பலகை

தமிழ் எழுத்து இயந்திரத்தில் ஏறிய கதை யாழ்ப்பாணத்தாருக்கு அந்நியமானது அல்ல. 1886 இல் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா, மலாயாவுக்குப் போய்ச் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை வடிவமைத்தவர் அவர்தான். 247 எழுத்தை ஒரு சிறிய பலகைக்குள் அடக்க வேண்டும். புள்ளிக்கும் சில உயிர்க்குறிகளுக்கும், தட்டினாலும் உருளை நகராத விசைகளை அவர் அமைத்தார். எந்த விசையில் எந்த எழுத்து என்பதை அவரே தீர்மானித்தார். சபை கூடவில்லை; வாக்கெடுப்பும் இல்லை. ஆனாலும் அவர்மேல் ஒருவருக்கும் அவநம்பிக்கை வரவில்லை. செய்தவர் யாரென்று தெரியும். அவர் நம்மோடு அதே மொழியில் பேசுபவர். பிடிக்காதவர் வேறொரு பலகை செய்துகொள்ளலாம். அப்படிச் செய்தவர்களும் இருந்தார்கள்.

கணினி வந்த காலத்திலும் முதலில் அப்படித்தான் நடந்தது. யாழ்ப்பாணத்துத் தட்டச்சுக் கடைகளில் பாமினி எழுத்துருவை அறியாதவர் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் உருவங்களை வைத்துச் செய்த எழுத்துரு அது. பாமினி இருக்கும் கணினியில் தமிழாகத் தெரிவது, இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். கலியாணக் காட் அடிப்பதற்கு அது போதும். ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு எழுத அது போதாது. உலகத்தின் எல்லா எழுத்துக்கும் ஆளுக்கொரு நிலையான எண் வேண்டும் என்ற தேவை இப்படித்தான் எழுந்தது. அந்த எண்களைக் கொடுக்கிற வேலையை ‘யுனிகோட் கொன்சோர்ட்டியம்’ என்ற சபை எடுத்துக்கொண்டது. அந்த முறையைத்தான் ஒருங்குறி என்கிறோம்.

1990 உம் 1991 உம்

இங்கே சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணச் சோனகத்தெரு காலியானது. ஒலிபெருக்கி அறிவிப்பு, ஜின்னா மைதானம், இரண்டு மணித்தியால அவகாசம். இவற்றை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வடமாகாணத்திலிருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களில் நானும் ஒருவன். எனக்கு அப்போது பத்து வயது. கையில் ஒரு பை. அதற்குள் உம்மம்மாவின் அறபுத்தமிழ்க் கிதாபு ஒன்று இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரியாக ஒரு வருடம் கழித்து, 1991 ஒக்டோபரில், ஒருங்குறியின் முதலாம் பதிப்பு அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் தமிழும் இருந்தது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள் மண்ணெண்ணெய் விளக்கில் நான் ஆனா, ஆவன்னாவைத் திருப்பி எழுதிக்கொண்டிருந்த நாட்களில், அந்த எழுத்துகளுக்கு நிரந்தர எண்கள் வந்துவிட்டன. ‘.எல்கே’ என்ற இணைய முகவரி இலங்கைக்குக் கிடைத்ததும் 1990 ஆம் ஆண்டில்தான். உலகம் இப்படித் தனக்கு விலாசம் போட்டுக்கொண்டிருந்தபோது எங்களுக்கு விலாசமே இருக்கவில்லை. இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. காலம் அப்படி அமைந்தது.

ஆனால் எண் கொடுத்த விதத்தைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 1988 இல் ‘இஸ்கி’ என்றொரு தரநிலை இருந்தது. தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, மலையாளம், தமிழ் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை, ஒரே சட்டகம். அந்தச் சட்டகத்தையே ஒருங்குறி அப்படியே எடுத்துக்கொண்டது. தமிழுக்கு 128 இடம் கொண்ட ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டது. மற்ற மொழிகளில் விசர்க்கம் உட்காரும் நாற்காலியில் தமிழுக்கு என்ன வைப்பது? உருவத்திலும் ஒலியிலும் கொஞ்சம் கிட்ட வருவது என்று ஆய்தத்தை வைத்தார்கள். நாற்காலியின் பெயரே ஆளின் பெயராகிவிட்டது. இன்னும் ஒரு வேடிக்கை: தமிழில் இல்லாத அனுஸ்வாரத்துக்கும் தமிழ்க் கட்டத்துக்குள் ஓர் இடம் உண்டு. தமிழர் எவரும் எழுதாத எழுத்து, தமிழ் எழுத்து என்ற பெயரோடு அங்கே இருக்கிறது.

சரி, பிழை என்றால் திருத்தலாமே என்று மாணவன் கேட்டான். அங்கேதான் சிக்கல். ஒருமுறை எண் கொடுத்த எழுத்தை நீக்குவதில்லை, வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அந்தச் சபையின் உறுதியான விதி. உலகம் முழுதும் உள்ள கணினிகள் அந்த எண்களை நம்பி இயங்குவதால், நேற்று எழுதியது நாளையும் வாசிக்கப்பட வேண்டும் என்பது காரணம். காரணம் நியாயமானது. ஓர் அடைப்புக்குறியின் ஆங்கிலப் பெயரிலேயே இரண்டு எழுத்து இடம் மாறி அச்சாகிவிட்டது. அந்தப் பிழையைக்கூட அவர்கள் மாற்றவில்லை. ஆக, தமிழுக்கு மட்டும் வஞ்சகம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இந்த விதியின் பொருளைக் கவனிக்க வேண்டும். கதவு எப்போதும் திறந்திருக்கும் என்கிறார்கள். முக்கியமான தீர்மானங்களோ ஒரு நாளோடு முடிந்துவிடுகின்றன. அந்த நாளுக்குப் பிறகு வருபவர் பேசலாம், பதியலாம், போகலாம்.

சபையின் வாசல்

யுனிகோட் சபை இரகசியமாக இயங்குவது என்று சிலர் சொல்கிறார்கள். நான் பார்த்த அளவில் அது உண்மை இல்லை. தொழில்நுட்பக் குழு வருடத்துக்கு நான்கு முறை கூடுகிறது. யாரும் முன்மொழிவு அனுப்பலாம். வரும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் இலக்கமிட்டு யாரும் பார்க்கக்கூடியதாக வைக்கிறார்கள். கூட்டக் குறிப்பும் வெளிவருகிறது. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சங்கங்களில் எத்தனை இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பு வைத்திருக்கின்றன என்று நான் கேட்கப் போவதில்லை!

ஆனால் வாக்கு வேறு விஷயம். முழு வாக்குரிமை உள்ள உறுப்பினராக வருடத்துக்குப் பல்லாயிரம் டொலர் சந்தா கட்ட வேண்டும். கூகிள், அப்பிள், மைக்ரோசொவ்ட், அடோபி போன்ற கம்பனிகள் கட்டுகின்றன. தனி ஆளும் சிறு தொகை கட்டி உறுப்பினராகலாம். அவருக்கு வாக்கு இல்லை. பெரும்பாலான தீர்மானங்கள் வாக்கெடுப்பு இல்லாமலே ஒருமித்த கருத்தில் முடிகின்றன என்பது உண்மை. ஒருமித்த கருத்து என்பது அறையில் இருப்பவர்களின் கருத்து என்பதும் உண்மை.

நம் வாசகர்கள் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. ஓமான் நாட்டின் வக்பு, மார்க்க விவகார அமைச்சு இந்தச் சபையில் முழு வாக்குரிமையுள்ள உறுப்பினராக இருந்திருக்கிறது. அல்குர்ஆனின் எழுத்துகளும் ஓதல் குறிகளும் திரையில் பிசகாமல் வர வேண்டும் என்ற அக்கறை உள்ள ஓர் அமைச்சு, கம்பனிகளின் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைக் காசு கட்டி வாங்கி உட்கார்ந்தது. சந்தா கட்ட முடிந்தவருக்குச் சபை உண்மையிலேயே திறந்தது. கட்ட முடியாதவருக்கு அது கண்ணாடிக் கதவு: உள்ளே நடப்பது எல்லாம் தெரியும், கை மட்டும் எட்டாது.

நேரில் போனவர்கள்

பணம் ஒன்றே வழி என்றும் இல்லை. அதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. சிங்கள எழுத்துக்கு எண் கொடுக்கும் பேச்சு 1990களில் நடந்தபோது, வெளிநாட்டார் தயாரித்த முன்மொழிவுகள் முதலில் மேசையில் இருந்தன. 1997 இல் கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் சர்வதேசத் தரப்படுத்தல் குழு கூடியது. இந்தக் குழுவில் நாடுகளின் தர நிறுவனங்களுக்கு இடமுண்டு. யுனிகோட்டும் இதுவும் ஒரே அட்டவணையையே பேணுகின்றன. இலங்கையின் தரப்பு அந்தக் கூட்டத்தில் தன் பத்திரத்தோடு பங்கேற்றது. சிங்களம் 1999 இல் ஒருங்குறியின் 3.0 பதிப்பில் இடம்பெற்றபோது, அது இந்தியச் சட்டகத்துக்குள் திணிக்கப்படாமல், சிங்களத்துக்கே உரிய உயிரெழுத்துகளோடு தன் வரிசையில் வந்தது.

இதைப் பொறாமையோடு சொல்லவில்லை. பாடமாகச் சொல்கிறேன். ஒரே நாடு, எட்டு வருட இடைவெளி. ஒரு மொழிக்கு ஆள் போனது, இன்னொரு மொழிக்குப் போகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து யார் போயிருக்க முடியும்? 1991 இல் இங்கே மின்சாரமே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போயிருக்கலாம், அங்கும் 1991 இல் இதன் பாரதூரத்தை உணர்ந்தவர்கள் குறைவு. விழித்துக்கொண்ட பிறகு, எல்லா உயிர்மெய்க்கும் தனித்தனி எண் வேண்டும் என்று தமிழ்நாட்டில் ‘டேஸ் 16’ என்ற வேறொரு குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 2010 ஜூனில் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியோடு அதையும் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் உலகத்துத் தொலைபேசிகள் ஒருங்குறியிலேயே நின்றுவிட்டன.

கிரந்தச் சர்ச்சை

அதே 2010 இல்தான் பெரிய சந்தேகம் கிளம்பியது. அப்போது இரண்டு முன்மொழிவுகள் சபையில் இருந்தன. ஒன்று, வடமொழி ஒலிகளை எழுதுவதற்கான குறிகளைத் தமிழோடு சேர்ப்பது. மற்றது, கிரந்த எழுத்துக்குத் தனிக் கட்டம் கொடுத்து, அதற்குள் எ, ஒ, ழ, ற, ன ஆகிய ஐந்தையும் வைப்பது. இரண்டும் மக்கள் வாயில் ஒன்றாகிவிட்டன. “தமிழைக் கிரந்தமாக்கப் போகிறார்கள்” என்று செய்தி பரவியது. திராவிடர் கழகத்தின் கி. வீரமணி எதிர்த்தார். தமிழறிஞர்கள் எதிர்த்தார்கள். நவம்பரில் முதலமைச்சர் மு. கருணாநிதி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதி, தீர்மானத்தைத் தள்ளிவைக்கக் கேட்டார். தள்ளிவைக்கப்பட்டது. தமிழோடு குறிகளைச் சேர்க்கும் முன்மொழிவு நிறைவேறவில்லை. கிரந்தம் 2014 இல் 7.0 பதிப்பில் தனக்கென்று ஒரு கட்டத்தைப் பெற்றது. அந்த ஐந்து தமிழ் எழுத்துகள் அதற்குள் இல்லை.

இந்தச் சம்பவத்தை நான் இரண்டு தடவை இரண்டு விதமாக விளங்கிக்கொண்டேன். முதலில், எதிர்த்தவர்கள் பத்திரத்தைப் படிக்காமல் கத்தினார்கள் என்று நினைத்தேன். பத்திரங்கள் எல்லாம் வெளியில்தான் கிடந்தன. சதி செய்பவன் தன் சதியை இலக்கமிட்டு வெளியிடுவானா? பிறகு யோசித்தேன். ஆங்கிலத்தில், கணினித் துறையின் பரிபாஷையில், பல பக்கங்களில் எழுதிய ஒரு பத்திரம் பொதுவில் கிடப்பதற்கும், அதனால் பாதிக்கப்படுவோருக்கு அது தெரிவதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தில்தான் வதந்தி முளைக்கிறது. தமிழறிந்தவர்களுக்குச் செய்தி பத்திரிகை வழியாக, கோபத்தோடு, கடைசியில் வந்து சேர்ந்தது. சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லியிருந்தால் கோபம் பாதியாகக் குறைந்திருக்கும்.

இதில் இன்னொன்றும் உண்டு. தள்ளிவைப்பு கிடைத்தது ஒரு முதலமைச்சரின் கடிதத்தால். ஓர் ஆசிரியர் எழுதிய பத்துப் பக்க விளக்கத்துக்கு அந்தப் பலம் இருந்திருக்குமா? எல்லோரும் சமம் என்று சொல்லும் சபையில் ஆளின் கனம் எடுபடுகிறது. இதைக் கண்டுதான் ஜனங்கள், “எல்லாம் முதலே தீர்மானிச்சாச்சு, சும்மா கூட்டம் வைக்கிறாங்கள்” என்று சொல்கிறார்கள்.

‘.இஸ்லாம்’ யாருக்கு?

அந்தப் பேச்சு ஆதாரமற்றது என்று தள்ளிவிடவும் முடியாது. இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐக்கான் என்ற அமைப்பு 1998 இல் கலிபோர்னியாவில் உருவானது. அரசுகள், கம்பனிகள், பொதுமக்கள் எல்லாத் தரப்பும் சேர்ந்து, கீழிருந்து மேலாகத் தீர்மானிப்பதே தன் வழி என்று அது சொல்லிக்கொள்கிறது. 2012 இல் புதிய முகவரிப் பெயர்களுக்கு விண்ணப்பம் கோரியது. ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,85,000 டொலர். துருக்கியைச் சேர்ந்த ‘ஏசியா கிரீன் ஐ.டி. சிஸ்டம்’ என்ற கம்பனி ‘.இஸ்லாம்’, ‘.ஹலால்’ ஆகிய இரண்டையும் கேட்டது.

ஐக்கிய அரபு இராச்சியம் ஆட்சேபித்தது. உலக முஸ்லிம்களின் பொதுப் பெயரை ஒரு தனியார் கம்பனி எப்படி வைத்திருக்கலாம் என்பது வாதம். விசாரித்த நிபுணர் 2013 இல் ஆட்சேபனையைத் தள்ளினார். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பும் எதிர்ப்புத் தெரிவித்தது. ஐக்கான் என்ன செய்தது? ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, கோப்பை நிறுத்திவைத்தது. எது நடந்தால் கோப்பு நகரும் என்பதையும் தெளிவாகச் சொல்லவில்லை. கம்பனி சுயாதீன மீளாய்வுக்குப் போனது. 2017 நவம்பரில் மீளாய்வுக் குழு, இப்படிக் காலவரையறை இல்லாமல் நிறுத்திவைத்தது ஐக்கானின் சொந்த யாப்புக்கே முரண் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு 2018 ஒக்டோபரில் ஐக்கானின் சபை இரண்டு விண்ணப்பத்தையும் நிராகரித்தது.

முடிவு சரியா பிழையா என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஒரு தனியார் கம்பனி இஸ்லாத்தின் பெயரை வைத்திருப்பது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்த முடிவு வந்ததற்காக, அது வந்த வழியைச் சரி என்று சொல்ல முடியாது. ஆறு வருடம் ஒருவரைக் காரணம் தெரியாமல் வாசலில் நிற்கவைத்த சபை, நாளைக்கு நம்மையும் நிற்கவைக்கும். இன்னும் ஒன்று: அரசுகள் பேசின, கம்பனி பேசியது, மாநாட்டு அமைப்பு பேசியது. சிறுபான்மையாக வாழும் முஸ்லிம்கள், இலங்கையில், இந்தியாவில், தாய்லாந்தில் உள்ளவர்கள், என்ன நினைக்கிறார்கள் என்று இவர்களில் யாரும் போய்க் கேட்டதாக நான் எங்கும் காணவில்லை.

உம்மம்மாவின் கிதாபு

இப்போது அந்தப் பைக்கு வருகிறேன். வெளியேறும்போது என் பைக்குள் இருந்தது அறபு எழுத்தில் தமிழ் எழுதிய ஒரு பழைய கிதாபு. உம்மம்மாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியாது. ஆனால் இந்தக் கிதாபைப் பார்த்து நல்ல தமிழை வாசிப்பார். கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியார்கள் 19 ஆம் நூற்றாண்டில் இந்த எழுத்தில் எழுதிக் குவித்தார்கள். இலங்கையிலும் தமிழகத்திலும் நம் பெண்களின் கல்வி நெடுங்காலம் இந்த வழியில்தான் நடந்தது. வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்த மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ், முஸ்லிம்களின் மொழி தமிழ் என்று உறுதியாக வாதாடியவர். அவருடைய வாதத்துக்கு இந்தக் கிதாபுகளைவிடப் பெரிய சாட்சி இல்லை.

அறபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர் அறபு எழுத்தில் புள்ளிகளைக் கூட்டினார்கள். காஃபின் கீழே ஒரு புள்ளி, ஐனின் கீழே மூன்று புள்ளி என்று. இந்தப் புள்ளி வைத்த எழுத்துகள் கணினியில் இல்லாவிட்டால், எத்தனை நூலகம் எத்தனை படம்பிடித்தாலும், அந்த நூல்களைத் தட்டெழுதவோ தேடவோ முடியாது. படமாகவே கிடக்கும்.

இவற்றில் பல வேறு மொழிகளின் தேவைக்காக ஏற்கெனவே எண் பெற்றிருந்தன. விடுபட்டவை 2015 ஜூனில் வந்த 8.0 பதிப்பில் சேர்ந்தன. நான் மேலே சொன்ன காஃபும் ஐனும் அவற்றுள் உண்டு. அறபு எழுத்தில் எழுதும் தமிழுக்காக என்று சொல்லியே சேர்த்தார்கள். யாரோ ஒருவர் நம் கிதாபுகளைப் பார்த்து, எழுத்தைக் கணக்கெடுத்து, பத்திரம் எழுதி, சபையின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி இதைச் சாதித்திருக்கிறார்கள்.

இந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்குச் சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. நமக்கு நன்மையான தீர்மானம் ஒன்று, நமக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது. நம் ஜமாஅத்துகளில், நம் அறபுக் கல்லூரிகளில், நம் ஆசிரியர் கூட்டங்களில் இதைப் பற்றி ஒரு பேச்சையும் நான் கேட்டதில்லை. ஆய்தத்துக்குப் பிழையான பெயர் வந்தபோது நாம் அங்கே இல்லை. காஃபுக்குச் சரியான புள்ளி கிடைத்தபோதும் நாம் அங்கே இல்லை. முதலாவதற்குக் காலத்தைக் குறை சொல்லலாம். 2015 இல் எல்லோர் கையிலும் தொலைபேசி இருந்ததே, இரண்டாவதற்கு யாரைச் சொல்வது?

வராதவரைக் கேட்பது

மீள்குடியேற்றக் காலத்தில் நடந்த ஒன்று. ஓர் அலுவலகத்தில் எங்கள் பகுதி சம்பந்தமான ஒரு பட்டியலைத் தீர்மானிக்கக் கூட்டம் வைத்தார்கள். “யாரும் வரலாம்” என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய இடம் யாழ்ப்பாணத்தில் ஒரு சுவர். பட்டியலில் இடம்பெற வேண்டியவர்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில். வாப்பாவுக்குச் செய்தி கிடைத்து, அவர் விடிய வெளிக்கிட்டு வந்து சேர்ந்தபோது கூட்டம் முடிந்துவிட்டது. குறிப்புப் புத்தகத்தைக் காட்டினார்கள். “ஆட்சேபனை எதுவும் தெரிவிக்கப்படவில்லை” என்று எழுதியிருந்தது. அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. வாப்பா சண்டை பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது, “வாசலைத் துறந்து வைச்சவன் வீதியைப் பூட்டினதை மறந்திட்டான்” என்று மட்டும் சொன்னார்.

மஷூராவைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அதன் ஒழுங்கை விளக்க எனக்கு இரண்டு சம்பவம் போதும். பத்ருக் களத்தில் படை தங்கிய இடத்தைப் பார்த்த ஹுபாப் இப்னு முன்திர் (ரழி), இது வஹியால் வந்த கட்டளையா, அல்லது யுத்தத் தந்திரம் சார்ந்த அபிப்பிராயமா என்று முதலில் கேட்டார். அபிப்பிராயம்தான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன பிறகே, கிணற்றடிக்கு நகர்வது நல்லது என்ற தன் யோசனையைச் சொன்னார். அது ஏற்கப்பட்டது. எது மாற்ற முடியாதது, எது இன்னும் பேசலாம் என்பதை ஆரம்பத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது மஷூராவில் பங்குகொள்பவரின் கடமை. யுனிகோட்டில் பெயரும் எண்ணும் மாறாது. விளக்கக் குறிப்பு மாறும். புதிய எழுத்துச் சேரும். மாறாததோடு மல்லுக்கட்டி மாறக்கூடியதைக் கோட்டைவிடுகிறோம்.

இரண்டாவது சம்பவம், பள்ளிவாசலைக் கூட்டித் துப்புரவு செய்த ஒரு பெண்மணி பற்றியது. அவர் இறந்தபோது, சின்ன விஷயம் என்று நினைத்து நபியவர்களுக்கு அறிவிக்காமலே அடக்கம் செய்துவிட்டார்கள். அவரைக் காணாத நபியவர்கள் விசாரித்தார்கள். தெரிந்ததும், எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரடிக்குப் போய்த் தொழுவித்தார்கள். சபையில் இல்லாதவரை “இவர் ஏன் இல்லை?” என்று கேட்பது, சபை நடத்துபவரின் கடமை. இணையச் சபைகள் எல்லாவற்றிலும் நான் காணாதது இந்தக் கேள்வியைத்தான். வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை அழகாக வெளியிடுகிறார்கள். வராதவர்களின் பட்டியலை யாரும் எடுப்பதில்லை.

நம் சபைகளும் விதிவிலக்கு அல்ல. ஜும்ஆவுக்குப் பிறகு மஹல்லாக் கூட்டம் என்று அறிவித்துவிட்டு, பெண்களும் வெளியூரில் இருப்போரும் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்காமல், “எல்லோரும் சம்மதம்” என்று தக்பீர் சொல்லி முடித்த கூட்டங்கள் எத்தனை!

அவநம்பிக்கை கெட்டதல்ல. அது கேள்வியாக மாறி, கேள்வி ஒரு பத்திரமாக மாறி, தேதிக்கு முன் போய்ச் சேர்ந்தால் அதற்குப் பலன் உண்டு. தெருவிலேயே நின்று முணுமுணுத்தால், குறிப்புப் புத்தகத்தில் “ஆட்சேபனை இல்லை” என்றுதான் பதிவாகும்.

என் மாணவனிடம் இதையெல்லாம் ஒரு பாடவேளையில் சொல்ல முடியவில்லை. பல நாள் சொன்னேன். ஒரு நாள் அவனே ஒன்றைக் கண்டுபிடித்து வந்தான். யுனிகோட் வெளியிடும் அட்டவணையில் அந்த விசர்க்கப் பெயருக்குக் கீழே சின்னதாக ஒரு சமக்குறி போட்டு, ‘ஆய்தம்’ என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறது. பெயரை மாற்ற முடியாது, குறிப்பைச் சேர்க்கலாம்.

“ஆரோ கேட்டிருக்கினம் போல, சேர்” என்றான்.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் உம்மம்மாவின் கிதாபைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, அதில் வரும் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு கொப்பியில் கணக்கெடுத்து வருகிறோம். எண் கிடைத்தவை ஒரு பக்கம், சந்தேகமானவை மறுபக்கம். உங்கள் வீடுகளில் இப்படிக் கிதாபு இருந்தால், கறையான் தின்ன முன்னம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அடுத்த தடவை சபை கூடும்போது நம்மிடம் ஒரு பத்திரமாவது இருக்கட்டும்.